கத்திரி என்று எழுதப்பட்ட செடி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எந்தக் கதைதான் அப்படிப் பிறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்தப் பொய்யை நான் வாசகரிடம் சொல்லவில்லை. தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவரிடம், வேலை நாளில், அலுவலக நேரத்தில், போனில் சொன்னேன். பக்கத்தில் தேனம்மை ஆச்சி நின்றுகொண்டு, நான் தடுமாறிய இடங்களில் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தார்.

ஆச்சி மானகிரியில் மாமனார் வழி வந்த பெரிய வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறார். வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் வந்து தங்குவார்கள். ஒவ்வோர் அறையிலும் மேசைமேல் வீட்டின் வரலாற்றைச் சொல்லும் ஒரு கையேடு இருக்கும். அதை எழுதியவன் நான். பெருமைகளைச் சற்றுக் கூட்டித்தான் எழுதியிருக்கிறேன். ஆச்சிக்கும் அது தெரியும்.

"தம்பி, கையேட்டுல என்னமா புளுகியிருக்கீக! நம்ம வீட்டுக்குக் கவர்னர் வந்தாருன்னு போட்டிருக்கீக. வந்தது அவரு கார் ஓட்டுற ஆளு, தண்ணி குடிக்க. அதை எழுதுன உங்களுக்கு ஒரு போன் பேசுறது எம்மாத்திரம்?"

"என்ன பேசணும் ஆச்சி?"

"செடியில செம்பேன் விழுந்திருக்கு. மருந்து கேக்கணும். செடி பேரை மட்டும் கத்திரின்னு சொல்லுங்க."

"அப்ப அது கத்திரி இல்லையா?"

"நீங்க மொதல்ல போனைப் போடுங்க."

அது கஞ்சா. சமையற்கட்டுக்குப் பின்னால், வானம் பார்த்த கடைசி முற்றத்தில், இரண்டு ஆள் உயரச் சுவருக்குள் ஆறு செடிகள். நான் இந்தக் கதைக்குள் எழுத்தாளனாக வரவில்லை, வாயை வாடகைக்குக் கொடுத்தவனாக வந்தேன். (வாடகை: ஒரு தூக்கு நிறைய வெள்ளைப் பணியாரம். தூக்கை இன்னும் திருப்பித் தரவில்லை.)

2

எழுத உட்கார்ந்தபோது மூன்று தொடக்கங்கள் வந்தன. அடித்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

முதலாவது: "பர்மாத் தேக்குத் தூண்களின் நிழல் நீளும் முற்றத்தில் ஒரு மாலை—"

அடித்துவிட்டேன். இந்தப் பக்கத்து வீடுகளைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியிலேயே தேக்குத் தூண் வந்து நின்றுகொள்கிறது. கையேட்டில் அது போதுமான அளவு நின்றாகிவிட்டது.

இரண்டாவது: "கஞ்சா பயிரிடுவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதை நன்கு அறிந்திருந்தும்—"

இது கதையா, படம் ஓடும் முன் திரையில் காட்டும் எச்சரிக்கையா என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது. ஆனாலும் அதில் உள்ள செய்தி உண்மை. ஆச்சிக்கு அது தெரியும். பீடி வாடை வந்தால் கூட விருந்தாளி என்றும் பாராமல் வாசலுக்கு அனுப்புகிறவர் அவர்.

மூன்றாவது: "தூசி நடக்குது, என்றார் தேனம்மை ஆச்சி."

இது பிடித்திருக்கிறது. ஆனால் இதை முதலில் வைத்தால், ஒரு நகரத்தார் வீட்டு ஆச்சி கஞ்சாச் செடியின் இலையை ஏன் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகவே முதலில் அவருடைய கணவரைச் சொல்லவேண்டும்.

3

மீனாட்சிசுந்தரம் அண்ணன் சென்னையில் இரும்புக் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். போன வருடத்துக்கு முந்தின வருடம் இடப்பக்க விலாவில் அவருக்கு அக்கி வந்தது. கொப்புளங்கள் காய்ந்தன, தழும்பும் மங்கியது, வலி மட்டும் போகவில்லை. சட்டைத் துணி உரசினால் சூடு போட்டது போலத் துடித்துவிடுவார். அதனால் வேட்டியோடு வெற்றுடம்பாகவே இருப்பார். அதை இந்த ஊர்ச் சம்பிரதாயம் என்று எண்ணிய விருந்தாளிகள், அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணனும் வலியோடு சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு விடுதியின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. "மனமார்ந்த வரவேற்பு" என்று அதன் கீழே எழுதியவனும் நான்தான்.

மதுரையில் கொடுத்த மாத்திரைகள் வலியைக் குறைத்தன. கூடவே ஆளையும் குறைத்தன. பகலெல்லாம் தூக்கம். எழுந்து நடந்தால் தள்ளாட்டம். ஒருமுறை படியில் விழுந்து நெற்றி கிழிந்தது. டொரான்டோவில் இருக்கும் மகள் தீக்ஷா போனில் சொன்னாள்: "இங்க இந்த வலிக்குச் சில பேரு கஞ்சா எண்ணெய் எடுத்துக்கிறாங்கம்மா. கடையில விக்கிது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது." மகள் சொன்ன மூன்று வாக்கியத்தில் கடைசி வாக்கியத்தை ஆச்சி காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

விதை எப்படி வந்தது? மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் யாரோ ஒருவர் மாட்டிக்கொள்கிறார். விதை வந்தது என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

(ஓர் ஐயம். நோயாளி ஒருவரைக் காட்டி உங்கள் அனுதாபத்தைச் சம்பாதிக்கிறேனோ? இரண்டாவது வரைவில் அண்ணனின் வலியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஆச்சி வெறும் வீம்புக்குச் செடி வளர்ப்பதாக மாற்றினேன். கதை இன்னும் வேடிக்கையாக ஆனது. ஆனால் அதில் அண்ணன் காரணமே இல்லாமல் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. வலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

4

வெயில் ஏறிய பங்குனியில் இலைகளில் ஊசியால் குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள் தோன்றின. முதலில் கண்டவர் மலையம்மாள். வீட்டிலும் தோட்டத்திலும் ஆச்சியோடு வேலை பார்ப்பவர். இது என்ன செடி என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"எங்க மாமனாரு இந்தச் சனியனாலதான் வீடு வாசல் பாக்காமத் திரிஞ்சாரு. என் கையாலயே இதுக்குத் தண்ணி ஊத்த வச்சுட்டீகளே ஆச்சி" என்று தினமும் சொல்லிக்கொண்டே தினமும் தண்ணீர் ஊற்றியவர்.

"ஆச்சி, இங்குட்டு வந்து பாருங்க. இலையில தூசி அப்பியிருக்கு."

துடைத்தால் போகவில்லை. ஆச்சி உள்ளே போய், வைரத் தோடு வாங்கும்போது கல்லைச் சோதிக்கிற லென்ஸை எடுத்து வந்தார். இலையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தூசி நடக்குது" என்றார்.

எட்டுக் கால், முதுகில் இரண்டு கரும்புள்ளி, நரம்போரமாக வெள்ளை முட்டைகள். நுனிக் கொழுந்தில் மெல்லிய வலை பின்னத் தொடங்கியிருந்தது. செம்பேனுக்கு வெயிலும் வறட்சியும் புழுதியும் இருந்தால் போதும். இந்த மூன்றும் எங்கள் ஊரில் தாராளம்.

விடுதி வாசலில் 'எங்கள் தோட்டத்தில் விஷம் இல்லை' என்று பலகை வைத்திருக்கிறார் ஆச்சி. முன்பக்கத் தோட்டத்துக் கத்திரியும் வெண்டையும்தான் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு. பூச்சிமருந்து என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதிலும் பின்முற்றத்துச் செடி அண்ணனின் உடம்புக்குள் போகப்போவது. முதலில் குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் பீய்ச்சி அடித்தார்கள். இரண்டு நாள் குறைந்து, பிறகு கூடியது. புளித்த மோர் அடிக்கலாம் என்றார் மலையம்மாள். அடித்தார்கள். எறும்பு வந்ததுதான் மிச்சம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை அரைத்து வடிகட்டித் தெளிப்பது ஆச்சியின் சொந்தத் தயாரிப்பு. அன்று காற்று உள்பக்கமாக வீசியது. சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தும்மினார்கள். பிரெஞ்சுக்காரத் தம்பதி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்முறை கேட்டார்கள். பேனுக்குத் தும்மல் வந்ததாகத் தெரியவில்லை.

ஒரு செடியின் கீழ் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கின. அன்றுதான் ஆச்சி எனக்கு ஆள் அனுப்பினார்.

5

போனை எடுத்தவர் முத்தரசு. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத அலுவலர். குரலிலேயே அது தெரிந்தது. மரியாதையாகப் பேசினார்.

"கத்திரியில செம்பேனா? எத்தனைங்க?"

"ஆறு சார்."

"ஆறு ஏக்கரா?"

"ஆறு செடி."

"ஆறு செடிக்கா போன் போட்டீக?"

ஆச்சி உதட்டை அசைத்தார். நான் அப்படியே திருப்பிச் சொன்னேன்: "ஆறா இருந்தாலும் உயிர்தானே சார்."

அந்த ஒரு வாக்கியம் அவரைப் பிடித்துக்கொண்டது. இத்தனை அக்கறையோடு பேசும் விவசாயியை அவர் அதுவரை சந்தித்ததில்லையாம். வேப்பெண்ணெய் சொன்னார். ஆச்சி கையை வீசினார், அண்ணனுக்கு எடுக்கப்போகும் எண்ணெயில் வாடை ஏறிவிடும் என்று. "விருந்தாளிகளுக்கு வேப்ப வாடை ஒத்துக்காது சார்" என்றேன். கந்தகத் தூள் சொன்னார், அது இயற்கை முறையில் அனுமதிக்கப்பட்டதுதான் என்றும் சொன்னார். ஆச்சி அதற்கும் தலையை ஆட்டினார். "இந்த வெயிலுக்கு இலை கருகிடும்" என்றேன். இது உண்மையிலேயே சரியான காரணம் என்பதால் முத்தரசு இன்னும் நெகிழ்ந்துபோனார்.

"நீங்க விசயம் தெரிஞ்ச ஆளா இருக்கீக. நேர்ல பாத்துத்தான் சொல்லணும். அடுத்த வாரம் நானே வாறேன்."

போனை வைத்தேன். ஆச்சியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முன்பக்கத் தோட்டத்துக் கத்திரிச் செடிகள் ஒரு புள்ளிகூட இல்லாமல் பளபளவென்று நின்றுகொண்டிருந்தன.

6

ஒரு பொய்யை எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது. வாசகர் நம்பினால் சரி, இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார். யாரும் ஜீப்பில் வந்து இறங்கி, எங்கே அந்தக் கவர்னர் என்று கேட்பதில்லை. இங்கே என் வாக்கியத்துக்கு ஏற்றபடி ஒரு தோட்டத்தையே திருத்தவேண்டி வந்தது.

ஆச்சி முடிவெடுக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. விருந்தாளி யாரோ விட்டுப்போன படம் வரையும் பிரஷ் ஒன்று இருந்தது. பின்முற்றத்தில் பேன் அதிகமாயிருந்த இலைகளைக் கிள்ளி ஒரு தட்டில் வைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

"மலையம்மா, ஒவ்வொரு இலைக்கும் கொஞ்சங் கொஞ்சமாத் தட்டி விடு."

"நான் மாட்டேன் ஆச்சி."

"ஏன்?"

"அதுக்குத் தண்ணி ஊத்தச் சொன்னீக, ஊத்துனேன். நல்லா இருக்கிற செடிக்கு நோவு வைக்க என்னால ஆகாது."

ஆச்சி என்னைப் பார்த்தார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் அவரே குனிந்தார். ஒரு கத்திரி இலையைப் புரட்டி, பிரஷால் பேனை எடுத்து வைத்தார். அவர் நட்டு, அவர் உரமிட்டு, அவர் பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்த்த செடி. இரண்டாவது செடிக்குப் போனபோது முகம் சிவந்திருந்தது. வெயிலாக இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். வெயில் இல்லை. சாயங்காலம்.

7

முத்தரசு சொன்ன நாளில் வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு நேராகக் கத்திரியிடம் போய் மண்டியிட்டார்.

"அடேயப்பா, நல்லாப் பிடிச்சிருக்கு!" என்றார் சந்தோஷமாக. பிறகு புருவத்தைச் சுருக்கினார். "இது என்ன ஆச்சி, ஓரமாப் பரவாம செடிக்கு நடுவுல, ஒவ்வொரு இலையா இருக்கு? யாரோ கொண்டாந்து வச்ச மாதிரி."

ஆச்சி அசையவில்லை. "எங்க வீட்டுக்கு எல்லாரும் வெளியூர்லருந்துதான் தம்பி வாராக" என்றார்.

முத்தரசு சிரித்துவிட்டார். மோர் கொடுத்தோம், குடித்தார். பிறகு, பச்சைநிறக் கண்ணாடிச் சிறகுள்ள ஒரு பூச்சியைப் பற்றிச் சொன்னார். அதன் புழு செம்பேனையும் அசுவினிப் பூச்சியையும் பிடித்து உறிஞ்சிவிடும். ஆய்வுக்கூடத்தில் அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டித் தருவார்கள். செடியில் கட்டிவிட்டால் போதும்.

"விஷம் இல்லை, வாடை இல்லை. நானே கையெழுத்துப் போட்டு வாங்கியாரேன். எறும்பு மட்டும் ஏறாமப் பாத்துக்கங்க."

இரண்டு நாளில் அட்டைகளோடு வந்து அவரே கத்திரியில் கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். பைக் சத்தம் தெருமுனையில் மறைந்ததும், ஆச்சி கத்தரிக்கோலோடு போய் அட்டைகளில் பெரும்பகுதியை வெட்டியெடுத்துப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோனார். கத்திரிக்குப் பாவம் பார்த்து இரண்டு விட்டுவைத்தார்.

(இந்த இடத்தில் முத்தரசு என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்குப் பெரிய தயக்கம் வந்தது. அரசு அலுவலர் ஒருவர் இவ்வளவு நல்லவராக, இவ்வளவு சீக்கிரம் வந்தால் வாசகர் நம்புவாரா? லேசாக ஒரு சோம்பேறித்தனம் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் அப்படித்தான் இருந்தார். எங்களுக்கு வந்த சிக்கலே அதுதான்.)

8

முட்டைகள் பொரித்தன. நெல்மணியில் பாதிகூட இல்லாத புழுக்கள், அரிவாள் போன்ற தாடையோடு இலை இலையாக அலைந்தன. அவற்றைக் கண்காணிக்கும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். காலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வலது கையில் லென்ஸ், இடது கையால் இலையைப் புரட்டுவார். இடது கையைத் தூக்கினால் விலா இழுக்கும். இழுத்தாலும் விடவில்லை.

"தேனு, இங்க வா! ஒண்ணு பிடிச்சிருச்சு. பேன் காலை உதறுது பாரு!"

அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நான் பிற்பாடு கேட்டேன், அந்த நேரத்தில் வலி இல்லையா அண்ணே என்று.

"வலி அங்கனயேதான் இருந்துச்சு தம்பி. நான்தான் அங்க இல்லை."

இவ்வளவு நன்றாக அமைந்த வாக்கியத்தை யாராவது சொன்னால் நான் சந்தேகப்படுவேன். ஆனால் இது அவர் சொன்னதுதான். அடுத்த வாரமே வலி பழையபடி அவரைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அப்போதுதான் கணக்கு நேராகும்.

வலை அறுந்தது. புதுக் கொழுந்துகள் புள்ளியில்லாமல் வந்தன. ஆடிக் காற்று தொடங்கும்போது ஆறு செடிகளும் மொட்டு விட்டன. இன்னும் ஒரு மாதம் என்றார் ஆச்சி. கூடவே வாசனையும் வந்தது. நசுக்கிய கொழுந்தும் பழுத்த பழமும் சேர்ந்தாற்போல ஒரு நெடி, சுவர் ஏறிக் குதித்துக் கூடம் வரை வந்தது. நாள் முழுதும் சாம்பிராணி போட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளைஞன் மூக்கை உயர்த்தி முகர்ந்து, "உங்க ஊர்ச் சாம்பிராணி எங்க ஆன்ட்டி கிடைக்கும்?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

இதற்கிடையில் கத்திரியும் தேறிவிட்டது. முத்தரசு அதைப் படம் எடுத்து மேலே அனுப்பியிருந்தார். ஒருநாள் போன் வந்தது, குரலில் கொண்டாட்டம்.

"ஆச்சி, வெள்ளிக்கிழமை எங்க மேலதிகாரி வாராக. பேப்பர்க்காரங்களும் வாராக. மருந்தே இல்லாம செம்பேனை ஒழிச்ச தோட்டம்னு உங்க தோட்டத்தைக் காட்டப்போறோம். வீடு முழுக்கச் சுத்திப் பாப்பாக."

வேண்டாம் என்று சொல்ல ஆச்சிக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டார். எனக்கும் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க என் கற்பனை படுத்துவிட்டது.

9

வியாழக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆச்சி சொன்னது ஒன்று, முத்தரசு சொன்னது ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் எனக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஏற்பாட்டைச் சரிபார்க்க முத்தரசு சொல்லாமல் வந்தார். ஆச்சி சந்தைக்குப் போயிருந்தார். மலையம்மாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அதிகாரிகள் எந்த வழியாகச் சுற்றி வரலாம் என்று பார்த்துக்கொண்டே முத்தரசு வீட்டின் ஒவ்வொரு கட்டாகக் கடந்து பின்முற்றத்துக்குள் வந்துவிட்டார்.

அண்ணன் ஸ்டூலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். காலடி கேட்டும் திரும்பவில்லை. மலையம்மாள் என்று நினைத்துவிட்டார்.

"இதை வந்து பாரு. இந்த இலையிலயும் ஒண்ணுகூட இல்லை" என்று லென்ஸைப் பின்பக்கமாக நீட்டினார்.

முத்தரசு லென்ஸை வாங்கினார். பழக்கம் அப்படி. குனிந்து, இலையைப் புரட்டிப் பார்த்தார். இன்னோர் இலை. இன்னொன்று.

"ஆமாங்கய்யா, சுத்தமா இல்லை" என்றார்.

அப்போதுதான் அண்ணன் திரும்பினார்.

முத்தரசுவின் பார்வை கிளையில் கட்டியிருந்த அட்டைக்குப் போனது. முடிச்சு வேறு, அட்டை அவருடையது.

"அய்யா, இது கத்திரி இல்லை."

"இல்லை தம்பி."

"என் கையெழுத்துல வாங்குன அட்டைய்யா இது." அவர் குரல் நடுங்கியது. கோபம் என்கிறார் ஆச்சி. பயம் என்கிறார் முத்தரசு. "நாளைக்கு இத்தனை பேரோட நான் இதுக்குள்ள வந்திருந்தா? எங்க வீட்டுல நான் ஒருத்தன் சம்பாதிச்சுத்தான் அடுப்பு எரியுது. நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

அண்ணன் தழும்பைக் காட்டவில்லை. வலியைச் சொல்லவில்லை. சந்தைப் பையோடு வந்து நின்ற ஆச்சிதான் எல்லாவற்றையும் சொன்னார். அக்கி, மாத்திரை, படியில் விழுந்தது, மகளின் போன். முத்தரசு கேட்டார். நின்றபடியே முழுக்கக் கேட்டார். அவர் இளகவும் இல்லை, கல்லாகவும் இல்லை. கடைசியில் சொன்னார்:

"நான் போய்ச் சொல்ல மாட்டேன் ஆச்சி. ஆனா நாளைக்கு இங்க ஒண்ணும் இருக்கக்கூடாது. இப்பவே. நான் பாக்கப் பிடுங்கணும்."

"ஒரு மாசம் விட்டாப் போதும்னு இருந்தோம்" என்றார் ஆச்சி.

"அந்த ஒரு மாசம் எனக்கு வேலை இருக்கணுமே."

இதற்கு மேல் ஆச்சி கெஞ்சவில்லை. பையை இறக்கி வைத்தார். அண்ணன் எழுந்து முதல் செடியின் அடித்தண்டைப் பிடித்தார். "எரிச்சிரலாமா?" என்று கேட்டார்.

"ஐயோ, எரிக்காதீக! மானகிரி முழுக்க மணக்கும்" என்றார் முத்தரசு. பிறகு, "இருங்க, இருங்க" என்று கையைத் தூக்கினார். "புழு இருக்கு."

இலைகளில் அந்தப் பூச்சியின் அடுத்த தலைமுறைப் புழுக்கள் திரிந்துகொண்டிருந்தன. செடியோடு சேர்த்துப் புதைத்தால் அவையும் போகும். கத்திரியில் விட்டால் பிழைக்கும். ஆச்சி உள்ளே போய்ப் பிரஷை எடுத்து வந்தார். மலையம்மாள் இறங்கி வந்தார், நடந்ததைக் கேட்டார், ஒரு தட்டை எடுத்து நீட்டினார். இந்தத் தடவை மாட்டேன் என்று சொல்லவில்லை. மூவரும் இலை இலையாகப் புழுக்களைத் தட்டில் சேர்த்து முன்பக்கம் கொண்டுபோய்க் கத்திரியில் விட்டார்கள். முத்தரசு லென்ஸால் பார்த்து, "அந்தக் கிளையில ரெண்டு விட்டுட்டீக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குற்றத்தை அழிக்க வந்த இடத்தில், நால்வரும் மதியச் சாப்பாட்டையும் மறந்து, ஒரு புழுகூடச் சாகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஆறு செடிகளையும் பிடுங்கிக் குப்பைக் குழியில் போட்டு மேலே சாணியும் மண்ணும் தள்ளினார்கள். பாதியைப் பிடுங்கியது அண்ணன். ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தார். முத்தரசு உதவப் போனார். "வேண்டாம், உங்க கை இதுல படவேண்டாம்" என்று அண்ணன் தடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாக நடந்தது. மேலதிகாரி கத்திரியைப் பாராட்டினார். காலியாகக் கிடந்த பின்முற்றத்தைப் பார்த்து, "இவ்வளவு நல்ல இடத்தை வீணாப் போட்டிருக்கீங்களே, ஏதாவது நடக்கூடாதா?" என்று கேட்டார். முத்தரசு இருமினார்.

10

இனி முடிவு. வழக்கம்போல ஒன்றுக்கு மூன்றாக வைத்திருந்தேன். முதலாவதில் போலீஸ் வருகிறது. அது செய்தித்தாளுக்குப் போதும். இரண்டாவதில் எண்ணெய் தயாராகி, அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு மகளின் வீட்டு வாசலில் நிற்கிறார். அந்த எண்ணெய் கேட்டிருக்குமா கேட்டிருக்காதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துக் கண்ணீர் வரவழைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது, நடந்தது. அண்ணனுக்கு வலி இருக்கிறது. மதுரையில் விலா நரம்பில் ஊசி போடலாம் என்று புதிதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் போகிறார்கள்.

எழுதி முடித்ததை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தார். ஆறாவது பகுதியில் விரலை வைத்தார்.

"கஞ்சா வளத்தேன்னு எழுதியிருக்கீக, இருக்கட்டும். நல்ல கத்திரிக்குப் பேன் வச்சேன்னு எழுதியிருக்கீகளே தம்பி. அதை எடுத்துருங்க. யாரும் மன்னிக்க மாட்டாக."

எடுக்கவில்லை. ஆச்சியின் கண்ணில் அது ஒன்றுதான் குற்றம் என்பதால், அதை எடுத்துவிட்டால் கதையில் ஆச்சியே இருக்கமாட்டார்.

அண்ணன் மெதுவாகத்தான் வாசித்தார். ஒன்பதாம் பகுதி முடிந்ததும் தாள்களை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, ஆச்சி உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"தம்பி, ஆறையும் பிடுங்கணுமா? கதையிலதான? ஒண்ணை விட்டுவையுங்களேன். யாரு வந்து பாக்கப் போறாக?"

முத்தரசு பார்ப்பாரே அண்ணே என்றேன். கதைக்குள்ளும் அவருக்கு வேலை இருக்கிறதே, அவர் சம்பளத்தை நம்பி ஒரு வீடு இருக்கிறதே. அண்ணன் யோசித்தார். "ஆமா, அவரு நல்ல பிள்ளை" என்றார். ஆனால் கேட்டதைத் திரும்பப் பெறவில்லை.

வீட்டுக்கு வந்து, செடிகளைப் பிடுங்கிய அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டேன். 'ஆறு' என்பதை 'ஐந்து' என்று திருத்தினேன். முத்தரசுவின் நடுங்கிய குரல் நினைவுக்கு வந்தது. 'ஆறு' என்று போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு தண்டை இழுத்தவர் நினைவுக்கு வந்தார். மறுபடியும்—

இல்லை, இதை என்னால் முடிக்க முடியாது. நான் ஏற்கனவே இந்த விஷயத்தில் வாயை ஒருமுறை வாடகைக்குக் கொடுத்தவன். கையையும் கொடுக்க முடியாது. நீங்கள் வாருங்கள். சமையற்கட்டைத் தாண்டி நேராக வந்தால் கடைசி முற்றம். ஐந்து குழிகள் இருக்கின்றன, பக்கத்தில் ஆறாவது செடி நிற்கிறது. புள்ளி ஒன்றுகூட இல்லாத இலைகள், வேண்டுமானால் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சட்டையில்லாமல் ஒருவர் உங்களைப் பார்க்காததுபோல உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு பக்கம் ஓர் இளைஞர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவசரப்படுத்தமாட்டார்கள், இருவரும் மரியாதை தெரிந்தவர்கள்.

மலையம்மாள் காலையில்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மண் ஈரமாகத்தான் இருக்கிறது. இழுத்தால் வந்துவிடும்.